வாங்க என்று ஒரு வார்த்தை

சிலர் சிகரெட்டை விடுவார்கள், சிலர் காப்பியை விடுவார்கள். என் வீட்டுக்காரர் 'நான்' என்ற சொல்லை விட்டார். அதற்குப் பதிலாக 'இந்த உடம்பு' என்று சொல்லத் தொடங்கினார். "இந்த உடம்புக்குக் கொஞ்சம் காப்பித் தண்ணி வேணும்" என்பார். "இந்த உடம்புக்கு ரசத்துல உப்புப் பத்துல" என்பார். முதலில் சிரித்தேன். கொஞ்ச நாள் போனதும், "அந்த உடம்பையே எந்திரிச்சு வந்து உப்புப் போட்டுக்கச் சொல்லுங்க" என்று நானும் திருப்பிக் கொடுத்தேன். கோபம் வரும். கோபம் யாருக்கு வருகிறது, உடம்புக்கா உங்களுக்கா என்று கேட்டால் இன்னும் கோபம் வரும். அதனால் கேட்பதை விட்டுவிட்டேன்.

திருச்செங்கோட்டில் போர் வண்டி வைத்திருந்தவர் அவர். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரி. வடக்கே எத்தனையோ ஊரில் பாறையைத் துளைத்துவிட்டு வந்தவர். மூட்டு தேய்ந்த பிறகு வண்டியை மகன் கையில் விட்டுவிட்டுச் சேலத்துக்கு வந்து, அஸ்தம்பட்டியில் வீடு பார்த்துக்கொண்டோம். சும்மா இருக்க முடியாத மனிதர் ஒரு தியான மன்றத்துக்குப் போக ஆரம்பித்தார். போனவர் அதிலும் முன்வரிசைக்கு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே பேசுவார். அகங்காரம்தான் அவருக்குப் பிடித்த தலைப்பு.

நன்றாகவே பேசுவார், அதைச் சொல்லத்தான் வேண்டும். "போர் போடறப்ப மேல் மண்ணு சரிஞ்சுக்கிட்டே இருக்குமுங்க. பாறை வர்ற வரைக்கும் பைப்பு எறக்கோணும். அந்த மேல் மண்ணுதானுங்க அகங்காரம். அதத் தாண்டிப் பாறையத் தொளைச்சாத்தான் தண்ணி" என்பார். சனம் அப்படியே சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கும். முடிந்ததும் காலைத் தொட்டுக் கும்பிட வருவார்கள். "வேண்டாமுங்க, இந்த உடம்புக்கு எதுக்குங்க" என்பார். சொல்லுவாரே தவிர, காலை இழுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஆயிரம் அடி போயும் தண்ணி வராமல் வெறும் பாறைப் புகை மட்டும் வந்த போர்களைப் பற்றி அவர் அங்கே ஒரு நாளும் பேசியதில்லை. அந்தக் கதையெல்லாம் வீட்டில் எனக்குத்தான் தெரியும்.

அவருக்குக் கூடப் பிறந்தது ஒரே ஒரு தங்கை. தம்மம்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்த இடம். கொஞ்சம் பாக்குத் தோப்பு, கொஞ்சம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடு. அவளுக்கு ஒரே மகள். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். சின்ன வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவரே இவர்தான். லாரி ஓட்டிய அந்தக் கையால் இறுக்கிப் பின்னுவாராம், பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை ஒரு மயிர் கலையாதாம். அவளே எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

எங்கள் சனத்தில் பத்திரிகை வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வீட்டுக்கு வர வேண்டும். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், பழம் வைத்து அதன்மேல் பத்திரிகையை வைத்து, வீட்டுப் பெரியவரை உட்காரவைத்துக் கையில் கொடுக்க வேண்டும். "குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கோணுமுங்க" என்று வாயால் சொல்ல வேண்டும். பெண்ணின் தாய்மாமனுக்குத்தான் முதலில். போனில் சொன்னால் அது அழைப்பே இல்லை. "நல்லதுக்குச் சொல்லாமப் போகக் கூடாது, கெட்டதுக்குச் சொல்லாமயே போகோணும்" என்று ஒரு பேச்சு உண்டு. என் வீட்டுக்காரர் அதை வேதம் மாதிரி சொல்லுவார்.

நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். நாமக்கல்லில் வேறு ஒரு உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில் நிற்கிறோம், நாத்தனார் எங்கிருந்தோ ஓடி வந்தாள். கையில் ஒரு துணிப்பை. மூச்சு வாங்குகிறது. பைக்குள்ளிருந்து ஒரு பத்திரிகையை உருவி அவர் கையில் வைத்தாள்.

"ஏனுங்ணா, அச்சாபீசுல இருந்து நேரா வாரனுங்க. சாமிக்குக்கூட இன்னும் வெக்குல. மொதப் பத்திரிக உங்களுக்குத்தானுங்க!"

மார்க் வாங்கிவந்து காட்டுகிற பிள்ளை முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவள் முகம். அவர் கை ஈரமாக இருந்தது. ஈரக் கையோடே வாங்கினார். பிரித்துப் பார்க்கவில்லை. "செரி" என்றார். அவ்வளவுதான்.

காரில் ஏறி ராசிபுரம் தாண்டினோம். பிறகு, "கை கழுவற எடத்துல" என்றார்.

"சாமிக்கு முந்தி உங்களுக்குன்னு ஆசையா ஓடி வந்துச்சுங்க."

"ஆரோ ஊட்டுக் கல்யாணத்துல, எச்சக் கையில. புருஷங்காரனையும் காணோம், தட்டத்தையும் காணோம்."

"முறையா வைக்க அப்பறம் வருவாங்க. இது பிரியத்துல குடுத்ததுங்க."

"இந்த உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஆனா மொறைன்னு ஒண்ணு இருக்குதல்ல?"

அடேங்கப்பா, அந்த 'ஆனா' இருக்கிறதே. அவர் அத்தனை வருஷம் கண்மூடி உட்கார்ந்து கரைத்ததெல்லாம் அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

நான் சொன்னபடியே அவள் போன் செய்தாள். வெள்ளிக்கிழமை அவளும் அவள் வீட்டுக்காரரும் தாம்பாளத்தோடு வருவதாகச் சொன்னாள். நான்தான் பேசினேன். இவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். வியாழக்கிழமை சாயங்காலம், "கெளம்பு, மன்றத்துல மௌன முகாம்" என்றார். மூன்று நாள் பேச்சு கிடையாது, போனையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். "அவங்க வாராங்களேங்க" என்றேன். "குடுத்தாச்சல்ல, இன்னும் எதுக்கு?" என்று சட்டையை மாட்டிக்கொண்டார். போன் கைவிட்டுப் போகும்முன் நான் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அலைச்சலாவது மிச்சமாகியிருக்கும். என்னவென்று சொல்வது? உங்க அண்ணன் உங்களைப் பார்க்கக் கூடாதென்று பேசாமல் இருக்கப் போகிறார் என்றா?

திரும்பி வந்து கேட்டைத் திறக்கும்போது வாசற்படியில் தாம்பாளம். வெற்றிலை சுருண்டுவிட்டது. வாழைப்பழம் கறுத்து எறும்பு மொய்க்கிறது. பத்திரிகை பறக்காமலிருக்கத் தேங்காயை அதன்மேல் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்தார்கள். பெரிய கடைவீதியில் ஜவுளி வியாபாரம் பார்க்கும் முஸ்லிம் குடும்பம் அவர்கள். "அக்கா, உங்க நாத்தனாரு ரொம்ப நேரம் நின்னாங்கக்கா. வெயில்ல நிக்கிறீங்களே, நம்ம வீட்ல வந்து உக்காருங்கன்னு கூப்புட்டேன். அண்ணன் வீட்டு வாசல்லயே இருக்கோம்மா, வந்துருவாருன்னாங்க."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினார். மௌனம் சாயங்காலம்தான் முடிகிறதாம். சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அவர் பேசிய முதல் பேச்சு இது: "பாத்தியா, வாசல்ல போட்டுட்டுப் போயிருக்கறா. பிச்சக்காரனுக்கு வெக்கற மாதிரி."

படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில் என்பார்கள். அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

கல்யாணத்துக்குப் போகவில்லை. முகூர்த்தத்தன்று விடியக்காலையில் நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் கண்மூடி உட்கார்ந்திருந்தார். நேரம் ஆனதும் எழுந்துபோய்ச் சேலையை அவிழ்த்து மடித்து வைத்தேன். மணப்பெண் நெற்றியில் தாய்மாமன் பட்டம் கட்ட வேண்டிய நேரத்தில் பட்டம் தட்டிலேயே கிடந்ததாம். கடைசியில் பங்காளி வகையில் யாரையோ கூப்பிட்டுக் கட்டவைத்தார்கள். கல்யாணம் நிச்சயமானதும் தங்கைக்கு எடுத்துக்கொடுக்க, நெசவுக்குப் பேர்போன இளம்பிள்ளை ஊரில் அவரே தறிக்காரர் வீட்டுக்குப் போய் எடுத்துவந்த அரக்குச் சேலை பீரோவிலேயே இருந்தது. அதற்குப் பிறகு பேச்சு வார்த்தை இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து, அதுவும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது.

எனக்கும் ஆன்மிகம் கொஞ்சம் தெரியும். மன்றத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து அத்தனையும் கேட்டவள்தான். அகங்காரம் என்றால் மீசையை முறுக்கிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது அப்படி வந்தால் பரவாயில்லையே, செருப்பைக் கழற்றி அடித்துவிடலாமே. அது மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு, என்னை யாரும் கூப்பிடவில்லை என்று மூக்கைச் சிந்துகிறது. அதற்கு வேண்டியது காசுமில்லை பதவியுமில்லை. வாங்க என்று ஒரு வார்த்தை. அதுவும் அது சொல்கிற இடத்தில், சொல்கிற மாதிரி, சொல்கிற ஆள் வாயால் வர வேண்டும். கொடுத்தாலும் போதாது. 'நான் இல்லை' என்று சொல்லிச் சொல்லியே அது நன்றாகக் கொழுத்துவிடுகிறது. பட்டினி போட்டோம் என்று நினைத்தால், பட்டினி கிடந்தேன் பார் என்று அதையே தின்கிறது. இதற்கு என்ன வைத்தியம் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

இந்த வருஷம் பொங்கல் கழிந்து நாத்தனார் மகள் எனக்குப் போன் செய்தாள். "அத்தை, அம்மாவுக்கு வயித்துல கட்டிங்க. சேலத்துக்குத்தான் கூட்டிட்டு வந்திருக்கறோம்." ஆஸ்பத்திரி எது என்று கேட்டேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. காலையில் அவர் நடைப்பயிற்சி போகிற வழி.

அவரிடம் சொன்னேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை இறக்கவில்லை. "ஆரு சொன்னா?"

"அவங்க மக போன் பண்ணுச்சுங்க."

"உனக்குப் பண்ணுச்சா, எனக்குப் பண்ணுச்சா?"

கவனித்தீர்களா, அன்றைக்கு 'எனக்கு' என்று வந்துவிட்டது. அவருக்கே தெரிந்து, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இந்த உடம்புக்குன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்று திருத்திக்கொண்டார்.

நல்லதற்குச் சொன்னால்தான் போக வேண்டும், கெட்டதற்குச் சொல்லாமலே போக வேண்டும். ஆஸ்பத்திரி எதில் சேர்த்தி? அவர் மனசுக்குள் அதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். நடைப்பயிற்சிக்கு மட்டும் வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தார். ராத்திரி சோறு பாதி தட்டிலேயே இருந்தது. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடத்தானே செய்யும். ஆடட்டும், ஆடி என்ன பிரயோசனம், கால் நகர வேண்டாமா?

நான் போனேன். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அவள் மகள் வராந்தாவிலேயே என் தோளில் சாய்ந்து அழுதாள். உள்ளே நாத்தனார் படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தாள். என்னைப் பார்த்ததும் கண் கதவுப் பக்கம் போனது. எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்கிறாள்.

எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்போம். "நங்கை, அண்ணன் வல்லீங்களா?" என்றாள்.

"மூட்டு வலி அம்மணி. வருவாரு."

"மூட்டு வலியா இருக்காதுங்க" என்று சிரித்தாள். சிரித்ததும் வலித்திருக்கும், முகம் சுருங்கியது. "அண்ணன் மேல தப்பில்லீங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன். கை கழுவற எடத்துல வெச்சா ஆருக்குத்தான் ரோசம் வராது? பேரனுக்குக் காது குத்தோணும். ஊட்டுக்குப் போறப்ப உங்க வாசல்ல வண்டிய நிறுத்தச் சொல்றனுங்க. எறங்கி, உள்ள வந்து, தாம்பாளத்துல வெச்சுக் கூப்புடறனுங்க. இந்தத் தடவ மொறையாக் கூப்புடறனுங்க."

இறங்கி, உள்ளே வந்து. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாதவள் சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துண்டை எடுத்து முகத்தைத் துடைப்பதைப் பார்த்தேன். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அட, இளகிவிட்டது மனிதருக்கு என்று நினைத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று அவள் மகள் போன் செய்த அன்று, அவர் காலையிலேயே குளித்து வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டார். கூடத்தில் நாற்காலியைத் தானே இழுத்துக் கிழக்குப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். கதவைத் திறந்தே வைக்கச் சொன்னார். தெருவில் ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் அவர் தலை திரும்பியது. அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது.

ஆம்புலன்ஸ் வந்து கேட்டுக்கு நேராக நின்றது. பின் கதவு திறந்தது. அவள் மகள் மட்டும் இறங்கி வந்தாள். கையில் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புப் பழம். படியேறாமல் கேட்டிலேயே நின்று, "மாமா, அம்மாவால எறங்க முடியலீங்க. வண்டில இருக்குது. நீங்க ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க மாமா" என்றாள்.

அவர் எழுந்தார். வாசற்படிவரை வந்தார். அங்கிருந்து வண்டிக்குள் தெரிந்தது. அவள் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்க்கத் தவிக்கிறாள். பின்னால் ஏற்காடு ரோட்டுப் பக்கம் போகிற வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஆம்புலன்ஸ் என்று பார்க்காமல் ஒருவன் ஆரன் அடிக்கிறான். அவர் வலது கால் படியைவிட்டு எழுந்தது. நான் பார்த்தேன், சத்தியமாக எழுந்தது. அப்புறம் அதே இடத்தில் இறங்கியது.

"உள்ள கொண்டாந்து வெச்சுட்டுப் போகச் சொல்லு" என்றார் என்னிடம். மெதுவாகத்தான் சொன்னார். அவள் மகள் காதில் விழுந்துவிட்டது.

அவள் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டே திரும்பிப் போனாள். நான் வண்டிக்கு ஓடினேன். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உள்ள வராமப் போறதுக்கு அண்ணன் கோவிச்சுக்கிட்டாருங்களா?" என்று கேட்டாள். கதவைச் சாத்திவிட்டார்கள். வண்டி போய்விட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதும் அவர் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் ஒன்றுதான். அவர் கால் எழுந்ததே, அப்போது நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். கையைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்திருக்கலாம். கை நீட்டினால் எட்டுகிற தூரம். இழுக்கவில்லை. எனக்குள்ளே ஒருத்தி, 'நிக்கட்டும், நல்லா நிக்கட்டும், இந்த மனுசன் லட்சணத்த ஊரே பாக்கட்டும்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நாத்தனார் தலையைத் தூக்கத் திணறியதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. இத்தனை வருஷம் தான் சொன்னது சரி என்று ஆக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. அவளும் அவரும் ஒரே சாதி. அவரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே நான் அவளை வளர்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை மன்றத்து வாட்ஸ்அப்பில் வழக்கம்போல அவருடைய காலைச் சிந்தனை வந்தது. விட்டுக்கொடுப்பவனுக்கு இழப்பே இல்லை என்று போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். போனை அப்படியே அடுப்பில் போட்டுவிடலாமா என்று இருந்தது.

பத்து நாள்கூட இருக்காது. நாத்தனார் இறந்துபோனாள் என்று சேதி வந்தது. அதுவும் எனக்குத்தான் வந்தது. இந்தத் தடவை அவர் யாருக்கு வந்தது என்று கேட்கவில்லை. கெட்டதற்குச் சொல்லாமலே போக வேண்டும் அல்லவா, முறை இடம் கொடுத்துவிட்டது. உயிரோடு இருந்தவளிடம் போக ஆயிரம் தடை வைத்த அதே முறை, பிணத்திடம் போக வழியைத் திறந்துவிட்டது. தூ, என்ன முறை இது.

கல்யாணமாகிப் போன பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை போக வேண்டும். அண்ணன் கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். கடைக்குப் போக நேரமில்லை. அவரே பீரோவைத் திறந்து அடியிலிருந்து அந்த இளம்பிள்ளைச் சேலையை எடுத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது. பாச்சா உருண்டை வாசம் அடித்தது. "இதையே எடுத்துக்கலாம். அவளுக்குன்னு எடுத்ததுதான்" என்றார். நான் அடுக்களைக்குப் போய் வாயில் முந்தானையை வைத்து அழுதேன்.

ஆத்தூர் தாண்டி மலை தெரிந்தது. சேலையை மடியிலேயே வைத்திருந்தார்.

அவள் வீட்டு முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஆண்கள் நாற்காலிகளில் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்கள் அழுகிற சத்தம். காரைவிட்டு இறங்கிப் பந்தலுக்கு வெளியே வேலிப்படல் வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். கையில் சேலை. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். அவள் புருஷன் பார்த்தார், அவரும் குனிந்துகொண்டார். இவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

"உள்ள போங்க" என்றேன் மெதுவாக.

"ஆரும் ஒண்ணும் சொல்லலியே."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும், "எழவு ஊட்டுல ஆருங்க வாங்கன்னு கூப்புடுவாங்க?" என்றேன்.

கூப்பிடக் கூடாது. எங்கேயும் கூப்பிட மாட்டார்கள். சாவு வீட்டில் வருகிறவரை வாங்க என்று சொல்வதில்லை, போகிறவர் வாரேன் என்று சொல்வதில்லை. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது இது. அவருக்குத் தெரியாதா? எத்தனை சாவு வீட்டுக்குப் போயிருப்பார்? ஆனால் அன்றைக்கு அவருக்கு அது அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தவர், அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாத ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். அவரை வாங்கண்ணா என்று கூப்பிட அந்த வீட்டில் இருந்தது ஒருத்திதான். அவள் உள்ளே கிடக்கிறாள்.

அவர் உதடு கோணியது. "நான் வந்திருக்கறேன்னு அவகிட்டப் போய்ச் சொல்லு" என்றார்.

நான் என்றார். திருத்திக்கொள்ளவில்லை.

பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். ஆனாலும் போனேன். பெண்களை விலக்கிக்கொண்டு போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தேன். யாரோ தலையை நன்றாக வாரிப் பின்னிவிட்டிருந்தார்கள். அவள் காதோரம் குனிந்து, "அம்மணி, உங்க அண்ணன் வந்திருக்கறாரு. வாசல்ல நிக்கறாரு" என்றேன். அவள் மகள் என்னையே பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். எதற்கு இருந்தேன் என்று தெரியவில்லை, பதில் வரும் என்றா?

வெளியே வந்தேன். நிழல்கூட மாறாமல் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். எடுக்க நேரமாகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள்.

"சொன்னியா?" என்றார்.

"சொன்னனுங்க."

என் முகத்தையே பார்த்தார். போர் வண்டி ஓட்டி, ஊர் ஊராய்ச் சுற்றி, மன்றத்தில் அத்தனை பேருக்குப் பாறையும் தண்ணியும் சொன்ன மனிதர், அச்சில் வார்த்த மாதிரி ஒரு சின்னப் பையன் முகத்தோடு கேட்டார்.

"வரச் சொன்னாளா?"

"ஆமாங்க" என்றேன். "வாங்க."

அத்தனை பேர் முன்னால், சொல்லக் கூடாத வீட்டில், சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்தேன். பலமாக இழுக்கக்கூட இல்லை. கூடவே வந்துவிட்டார். அவ்வளவு லேசாக வந்தார். அன்றைக்கு எங்கள் வீட்டு வாசற்படியில் இழுத்திருந்தாலும் இப்படித்தான் வந்திருப்பார்.